டிரெய்லர் மாட்டினால் மட்டும் மணலில் புதைகிறது, என்ன செய்யலாம்?

நீலவண்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது இரட்டை கேபின் பிக்கப். டீசல், ஆட்டோமேட்டிக், தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, பின் அச்சில் டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் வசதி) உண்டு. மூன்று வருடமாக இதை மணலில் ஓட்டுகிறேன். தனி வண்டியாகப் போகும்போது டயரில் 18 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துக்கொள்வேன், மண்வெட்டியை வெளியே எடுத்த நாட்கள் மிகக் குறைவு. போன மாதம் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று வாங்கினேன். கூடாரம், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தியபோது 1,400 கிலோ காட்டியது. என் வண்டியின் இழுவைத் திறனில் இது பாதிகூட இல்லை, அதனால் தைரியமாகக் கிளம்பிவிட்டேன்.

எனக்கு நன்றாகப் பழகிய அதே மணல் பாதை, அதே 18. முந்நூறு மீட்டர் போவதற்குள் எஞ்சின் முக்க ஆரம்பித்தது, வேகம் இறங்கிக்கொண்டே வந்தது, இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தேன், அவ்வளவுதான், பின் சக்கரங்கள் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. கியர்பாக்ஸ் சூடேறிய விளக்கும் எரிந்தது. இறங்கிப் பார்த்தால் டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னால் அரை அடிக்கு மேல் மணல் குவிந்து கிடந்தது. மூன்று மணி நேரம் தோண்டி, டிரெய்லரைக் கழற்றி, அந்த வழியாக வந்த ஒருவர் உதவியோடுதான் வெளியே வர முடிந்தது. அடுத்த மாதம் குடும்பத்தோடு அதே பாதையில் 6 கி.மீ. போக வேண்டும். வண்டிக்குச் சக்தி போதவில்லையா, அகல டயர் போட வேண்டுமா, இல்லை டிரெய்லரை வீட்டிலேயே விட்டுவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணல்வழி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி. டிரெய்லர் டயரில் அன்றைக்கு எவ்வளவு காற்று இருந்தது?

நீலவண்டி எழுதியது:

45. சாலைக்கு அவ்வளவு வைக்கச் சொன்னார்கள், அதை நான் தொடவில்லை. டிரெய்லர் சக்கரம் எதையும் இழுப்பதில்லையே, அதில் எதற்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மணல்வழி எழுதியது:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இழுக்காத சக்கரம் என்பதால்தான் அதில் முதலில் குறைக்க வேண்டும்.

வண்டியின் சக்கரம் சுழன்று, மணலைப் பின்னால் தள்ளி, தன்னைத்தானே மேலே ஏற்றிக்கொள்ளப் பார்க்கும். டிரெய்லர் சக்கரத்துக்கு அந்த வேலை இல்லை. அதை ஒருவர் முன்னாலிருந்து இழுக்கிறார், அது மணலுக்குள் இறங்கி, முன்னால் ஒரு மேட்டைக் குவித்து, அந்த மேட்டின் மேல் ஏற முடியாமல் அதையே தள்ளிக்கொண்டு வருகிறது. நீங்கள் பார்த்த அந்த அரை அடி மணல் அதுதான். ஏர் உழுவது போல உழுதுகொண்டு வந்திருக்கிறது.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தார்ச் சாலையில் ஒரு சக்கரத்தை உருட்டுவதற்கு அதன் மேல் இருக்கும் எடையில் நூறில் ஒன்று, ஒன்றரைப் பங்கு இழுவை போதும். உங்கள் 1,400 கிலோவுக்கு அது 20 கிலோ விசைதான். அதனால்தான் சாலையில் டிரெய்லர் இருப்பதே தெரிவதில்லை. நன்றாக இளகிய காய்ந்த மணலில், டயர் கல் மாதிரி இருந்தால், அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதாவது 280 கிலோ, மோசமான இடத்தில் 400ஐத் தாண்டும். கூடவே ஒரு பத்து டிகிரி ஏற்றம் வந்தால் புவியீர்ப்பு இன்னொரு 240 கிலோவைச் சேர்க்கும். விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் இழுவைத் திறன் கெட்டியான சாலைக்குச் சொன்னது, மணலில் அந்த எண்ணை நம்பிக் கிளம்பக் கூடாது.

இப்போது காற்றுக்கு வருவோம். டிரெய்லரின் எடையில் 140 கிலோ ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இடம்) மேல் போகிறது என்று வைத்தால் மீதி 1,260, ஒரு டயருக்கு 630 கிலோ. 45 பி.எஸ்.ஐ.யில் அந்த எடையைத் தாங்கத் தரையில் படும் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. 18க்கு இறக்கினால் சுமார் 500. பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் பரப்பு நன்றாகவே கூடும். இன்னொன்று, காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் பரப்பு கூடுவது பெரும்பாலும் நீளவாக்கில்தான். நீளமான பாதம் முன்னால் மேடு குவிக்காமல் மணலை மிதித்து அமுக்கிக்கொண்டு அதன் மேல் ஏறிப் போகும். அகல டயர் வாங்கும் முன் இருக்கிற டயரில் காற்றை இறக்கிப் பாருங்கள்.

என் வழக்கம்: வண்டிக்கும் டிரெய்லருக்கும் 16. இளகல் அதிகமாக இருந்தால் 14. மாட்டிக்கொண்டால் மட்டும் 12, அதுவும் வெளியே வரும்வரைக்கும்தான். அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து நிஜமானது. அந்த அழுத்தத்தில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது, வேகம் 30ஐத் தாண்டக் கூடாது.

கடலலை எழுதியது:

மணல்வழி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலம் உங்கள் பிக்கப்பின் அகலத்தோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். ஒத்துப்போனால் வண்டி அமுக்கிவிட்டுப் போன தடத்திலேயே டிரெய்லர் உருளும். பத்து செ.மீ. உள்ளே இருந்தாலும் அது தனக்கென்று புதிதாக இரண்டு தடம் வெட்டிக்கொண்டு வர வேண்டும், அந்த வேலை முழுக்க உங்கள் எஞ்சின் தலையில்தான் விழும். டயரும் வண்டியின் அளவிலேயே இருந்தால் நல்லது, உயரமான டயர் மணலில் எளிதாக உருளும், மாற்று டயரும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

அப்புறம் டிரெய்லரின் அடியில் குனிந்து பாருங்கள். நிறுத்தி வைக்கும் கால்கள், முன்பக்கக் குட்டிச் சக்கரம், அச்சுத் தண்டு, தண்ணீர்க் குழாய், எது தாழ்ந்து தொங்கினாலும் அது மணலில் நங்கூரம். குட்டிச் சக்கரத்தை மேலே சுழற்றி விட்டால் போதாது, முழுதாகக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். குறுக்கே நேரான அச்சு உள்ள டிரெய்லர் என்றால் இரு தடத்துக்கும் நடுவில் உள்ள மணல் மேடு அச்சில் இடிக்கும், முன்னால் போன வண்டிகள் ஆழமாகத் தடம் வெட்டிய பாதையில் இது ரொம்பத் தொல்லை.

பழையகியர் எழுதியது:

தம்பி, காற்று பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது என்றீர்களே, நீங்கள் எந்த ரேஞ்சில் போனீர்கள், வழக்கமாக ஓட்டும் ஹை ரேஞ்சிலா, மெதுவாக ஆனால் அதிக இழுவிசையோடு போகும் லோ ரேஞ்சிலா? ஹை ரேஞ்சில்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீலவண்டி எழுதியது:

ஆமாம் ஐயா, ஹை ரேஞ்ச், டி-யில் விட்டு ஓட்டினேன். மணலில் வேகம் வேண்டும், லோ ரேஞ்ச் பாறைக்குத்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பழையகியர் எழுதியது:

தனி வண்டிக்கு அது சரி. பின்னால் பாரம் இருக்கும்போது சரியில்லை. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது, எண்ணெயைச் சுழற்றி அதன் வழியாக இழுவையைக் கொண்டுபோகும். எஞ்சின் ஒரு வேகத்தில் சுழன்று, சக்கரம் அதற்கு ஈடாகச் சுழலாமல் திணறினால், நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க எண்ணெயில் சூடாக மாறும். முக்கிக்கொண்டு மெதுவாக நகர்கிற ஒவ்வொரு நிமிடமும் எண்ணெயைக் காய்ச்சுகிறீர்கள். லோ ரேஞ்சில் போட்டால் சக்கரத்துக்குப் போகிற முறுக்குவிசை பல வண்டிகளில் இரண்டரை மடங்கு கூடும், எஞ்சின் இலகுவாகச் சுழலும், கன்வெர்ட்டர் வழுக்குவது குறையும், சூடும் குறையும். மேனுவல் கியர் வண்டியில் இதே தவறைச் செய்தால் கிளட்ச் கருகும் வாசனை வந்துவிடும்.

லோ ரேஞ்ச் என்றால் முதல் கியரில் ஊர்ந்து போவது என்று அர்த்தம் இல்லை. இரண்டில் கிளம்பி மூன்று, நான்கில் ஓட்டுங்கள். கியரைக் கையால் பிடித்து வையுங்கள், வண்டி தானாக மேல் கியருக்குப் போய் அடுத்த நொடியே திணறிக் கீழே இறங்கினால் அந்த இடைவெளியில் ஓட்டம் செத்துவிடும். மணலில் டிரெய்லரோடு அந்த அரை நொடி போதும் நிற்பதற்கு.

இன்னொன்று, வண்டி சறுக்கினால் எஞ்சின் சக்தியைத் தானாகக் குறைக்கும் மின்னணு ஏற்பாடு உங்கள் வண்டியில் இருக்கும். சாலையில் அது உயிர் காக்கும். மணலில் சக்கரம் கொஞ்சம் சுழலும், சுழலத்தான் வேண்டும், அந்த நேரத்தில் அது சக்தியை வெட்டினால் நின்றுவிடுவீர்கள். பல வண்டிகளில் லோ ரேஞ்ச் போட்டாலே அணைந்துவிடும், சிலவற்றில் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கையேட்டைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள், திரும்பித் தார்ச் சாலை ஏறியதும் மறக்காமல் போட்டுவிடுங்கள். நான்கு சக்கர இழுவையையும் தாரில் எடுத்துவிட வேண்டும், உங்கள் வகை வண்டியில் அப்படியே ஓட்டினால் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

நேர்த்தடம் எழுதியது:

மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினைந்து வருடம் மணலில் டிரெய்லர் இழுத்திருக்கிறேன், லோ ரேஞ்ச் தேவைப்பட்டது கைவிரல் விட்டு எண்ணும் தடவைதான். ஹை ரேஞ்சில் நல்ல ஓட்டம் பிடித்து விட்டால் டிரெய்லர் மிதந்துகொண்டு வரும். மெதுவாகப் போவதால்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மணல்வழி எழுதியது:

ஓட்டம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டமும் வேகமும் ஒன்றல்ல. காற்றைச் சரியாகக் குறைத்த வண்டிக்கு 20, 25 கி.மீ.யில் நிற்காமல் போகிற சீரான ஓட்டம் போதும். காற்றைக் குறைக்காதவர்தான் அதை வேகத்தால் ஈடுகட்டப் பார்ப்பார். அப்படி டயர் இறுக்கமாக வைத்து விரட்டிப் போனவர்கள்தான் பாதையில் அலை அலையாகப் பள்ளம் விழ வைத்தார்கள், அந்த அலைகளில் டிரெய்லர் ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் இழுதண்டில் (டிரெய்லரின் முன்னால் நீண்டு ஹிட்சில் மாட்டும் தண்டு) வெல்டிங் போட்ட இடத்தில்தான் அடி விழுகிறது. எங்களோடு வந்த ஒருவருடைய டிரெய்லரில் அந்த வெல்டிங் பாதி விரிந்துவிட்டதை மாலையில் முகாமில்தான் பார்த்தோம். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. உள்ளே குழந்தைகள் இருந்த வண்டி அது.

நேர்த்தடம் எழுதியது:

வெல்டிங் விஷயம் நான் யோசிக்காதது. என் டிரெய்லர் 700 கிலோதான், வண்டி பெரிய எஞ்சின் மேனுவல், அதையும் சொல்லியிருக்க வேண்டும். 1,400 கிலோவும் ஆட்டோமேட்டிக்கும் என்றால் பழையகியர் ஐயா சொல்வதே பாதுகாப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் நான் உறுதியாக நிற்பேன்: இளகல் தெரிந்தால் அங்கே வந்த பிறகு மிதிக்காதீர்கள், அதற்கு முன்னாலேயே ஓட்டத்தைக் கட்டுங்கள். உள்ளே போன பிறகு மிதிப்பது குழி தோண்டத்தான் உதவும்.

பழையகியர் எழுதியது:

இதை முழு மனதோடு ஏற்கிறேன். முன்னோக்கிய நகர்வு நின்றுவிட்டது என்று தெரிந்த நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். இரண்டு நொடி கூடுதலாக மிதிப்பதுதான் பத்து நிமிட வேலைக்கும் மூன்று மணி நேர வேலைக்கும் உள்ள வித்தியாசம்.

நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மணலில் பிரேக் மிதித்து நிற்காதீர்கள், மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் முன்னால் ஒரு குவியல் சேர்ந்துவிடும், கிளம்பும்போது முதலில் அதை ஏற வேண்டும். காலை எடுத்தாலே போதும், டிரெய்லரின் இழுப்பே உங்களை நிறுத்திவிடும். முடிந்தால் இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். திரும்பக் கிளம்பும் முன் நேர் பின்னால் ஒரு மீட்டர் மட்டும் வந்த தடத்திலேயே நகருங்கள், சக்கரம் தான் அமுக்கி வைத்த கெட்டியான இடத்தில் நிற்கும், அங்கிருந்து முன்னால் போனால் அந்த ஒரு மீட்டர் ஓட்டம் கிடைக்கும். டிரெய்லர் கோணலாக நின்றால் இதைச் செய்யாதீர்கள், மடங்கிக்கொள்ளும்.

டிரெய்லரில் என்ன பிரேக்? தள்ளும்போது தானாகப் பிடிக்கும் வகையா, மின்சார வகையா?

நீலவண்டி எழுதியது:

மின்சார பிரேக் ஐயா, டாஷ்போர்டில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது.

பழையகியர் எழுதியது:

அப்படியானால் மணலில் இறங்கும் முன் அதன் அளவை நன்றாகக் குறைத்துவிடுங்கள். சாலைக்கு வைத்த அளவில் விட்டால் லேசாகக் கால் பட்டாலும் டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு மணலில் குழி பறிக்கும். முழுதாக அணைக்கவும் வேண்டாம். மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்கும்போது டிரெய்லர் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும், அப்போது வண்டியின் பிரேக்கைத் தொடாமல் லோ ரேஞ்ச் முதல் கியரில் விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் லேசாகக் கொடுத்தால் அது பின்னால் இழுத்து இரண்டையும் நேர்கோட்டில் வைக்கும். தள்ளும்போது பிடிக்கும் வகை வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை, பழைய டிரெய்லரில் பின்னால் எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும், நெம்புகோலைப் பூட்டிவிட்டுத்தான் பின்னால் எடுக்க வேண்டும்.

மேட்டைக் குறுக்காகக் கடக்கவே கூடாது. ஏறினாலும் இறங்கினாலும் நேராக. சாய்வில் டிரெய்லர் கீழ்ப்பக்கமாகச் சறுக்கினால் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கடலலை எழுதியது:

ஹிட்ச் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்று பார்த்தீர்களா நீலவண்டி? மொத்த எடையில் பத்தில் ஒன்று இருந்தால் நல்லது. முன்பக்கம் தண்ணீர்த் தொட்டி, மின்கலம், கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து 200ஐத் தாண்டியிருக்கப் போகிறது. ஹிட்ச் பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 200 கிலோ இறங்கினால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில் பின் அச்சுக்கு 280 கிலோ கூடும், முன் அச்சில் 80 கிலோ குறையும். பின் சக்கரம் புதையும், முன் சக்கரம் மணலைப் பிடிக்காது, ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேரே போகும். அதற்காக எடையை டிரெய்லரின் பின்னால் தள்ளிவிடாதீர்கள், சாலையில் டிரெய்லர் வால் போல இடமும் வலமும் ஆட ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வையுங்கள்.

நீலவண்டி எழுதியது:

இன்று அளந்துவிட்டேன். ஹிட்ச் மேல் 210 கிலோ இருந்தது! முன்பக்கத் தொட்டியில் மட்டும் 100 லிட்டர் தண்ணீர், அதாவது 100 கிலோ. அதில் பாதியைக் கேன்களில் மாற்றி பிக்கப்பின் பெட்டியில் முன்பக்கமாகக் கட்டிவிட்டேன், கருவிப்பெட்டியை டிரெய்லர் அச்சுக்கு மேலே நகர்த்தினேன். இப்போது 145. சக்கர இடைவெளி வண்டியைவிட 4 செ.மீ.தான் குறைவு, டயர் அகலத்துக்குள்ளேயே வருகிறது.

மணல்வழி எழுதியது:

அருமை. தண்ணீரை வண்டிக்கு மாற்றியதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை இருந்தால் பிடிமானம் கூடும், இழுபடுகிற சக்கரத்தின் மேல் இருந்தால் உழுவதுதான் கூடும். வண்டி அனுமதித்த எடையைத் தாண்டாதவரை சாமானை வண்டியிலேயே ஏற்றுங்கள்.

வின்ச்கயிறு எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் யாரும் சொல்லாததை நான் சொல்ல வேண்டும், தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். முதல் பதிவில் "ஒருவர் உதவியோடு வெளியே வந்தேன்" என்று இருக்கிறது. கயிற்றை எதில் மாட்டினீர்கள் நீலவண்டி?

நீலவண்டி எழுதியது:

டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டில், அதாவது டோ பாலில்தான் மாட்டினோம். அவருடைய நீளும் பட்டையை என் டோ பாலில் வளையமாகப் போட்டு இழுத்தார்.

வின்ச்கயிறு எழுதியது:

பயந்துகொண்டேதான் கேட்டேன். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். டோ பால் என்பது டிரெய்லரைச் சீராக இழுப்பதற்காகச் செய்தது. நீளும் பட்டையால் ஓடி வந்து வெடுக்கென்று இழுக்கும்போது வருகிற விசை பல டன். அதன் கழுத்து முறிந்தால் அந்த இரும்புக் குண்டு பட்டையின் நீட்சியோடு சேர்ந்து துப்பாக்கிக் குண்டு போலப் பறந்து, முன்னால் இழுக்கிற வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் கட்டுவதற்கென்று அடியில் இருக்கும் சின்ன வளையங்களும் இதே மாதிரிதான், இழுப்பதற்கு உகந்தவை அல்ல.

பின்பக்கம் என்றால் ஹிட்ச் குழாய்க்குள் ஷேக்கிள் (திருகாணி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) மாட்டும் கட்டையைச் செருகி அதில் மாட்டுங்கள். முன்பக்கம் என்றால் சேஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்டுப் பொருத்திய, தாங்கும் எடை பொறித்த கொக்கி. ஷேக்கிளுக்கும் அந்த எடை பொறித்திருக்க வேண்டும். ஆட்கள் எல்லோரும் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பட்டையின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. கம்பளமோ கனமான போர்வையோ பட்டையின் நடுவில் போட்டுவிடுங்கள்.

டிரெய்லரோடு மாட்டிக்கொண்டால் என் வரிசை இப்படி. முதலில் எல்லோரையும் இறக்கிவிட்டுத் தோண்டுவேன், வண்டிக்கு முன்னால் மட்டுமல்ல, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னாலும் அச்சுக்கு அடியிலும். பிறகு காற்றை 12க்கு இறக்கி, மணல் பலகைகளை இழுக்கிற சக்கரத்துக்கு முன்னால் நன்றாகச் செருகி ஒரு தடவை மெதுவாக முயற்சி. வரவில்லை என்றால் அடம்பிடிக்காமல் டிரெய்லரைக் கழற்றிவிடுவேன். தனி வண்டி எப்போதும் சுலபமாக வெளியே வரும். கெட்டியான இடத்துக்குப் போய் நின்று, நீட்சி இல்லாத நீளமான பட்டையோ வின்ச்சோ (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு டிரெய்லரை மெல்ல இழுக்கலாம். டிரெய்லரை ஓடி வந்து வெடுக்கென்று இழுக்கவே கூடாது. கயிற்றை அதன் சேஸியின் இரண்டு பக்கமும் பிரித்து மாட்டினால் கோணாமல் வரும்.

நீலவண்டி எழுதியது:

இதைப் படித்து முடித்ததும் சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அன்றைக்கு என் மகன் பட்டைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். மிக்க நன்றி அண்ணா. ஷேக்கிள் கட்டையும் எடை பொறித்த ஷேக்கிள் இரண்டும் இன்றே வாங்கிவிட்டேன்.

நீலவண்டி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினோம். என்ன நடந்தது என்று எழுதுகிறேன், இந்த இழையைத் தேடி வருகிற அடுத்தவருக்கு உதவும்.

விடியற்காலையில் மணல் இன்னும் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும்போதே நுழைந்தோம். ஆறு டயரிலும் 16. டிரெய்லர் பிரேக் குறைத்து, லோ ரேஞ்ச், மூன்றாவது கியரைப் பிடித்து 20, 25 வேகம். போன தடவை புதைந்த அதே இடம் வந்தபோது கை வியர்த்துவிட்டது, ஆனால் எஞ்சின் சத்தம்கூட மாறவில்லை. அதே வண்டி, அதே டயர். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் எங்கள் தடத்திலேயே அமைதியாக உருண்டு வருகிறது. மூன்று கிலோமீட்டரில் ஒருமுறை நின்று பார்த்தேன், கியர்பாக்ஸ் வெப்பம் சாலையில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். எதிரே வண்டி வந்தது, வழி விட வளைவில் தடத்தை விட்டு ஒதுங்கினேன், மிதிக்கப்படாத மணலில் டிரெய்லர் கோணலாக நின்றுவிட்டது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிட்டேன், அதனால் சக்கரத்தில் கால் பங்குதான் புதைந்திருந்தது. தோண்டி, 12க்கு இறக்கி, பலகை போட்டு ஒரு தடவை பார்த்தேன், நகர்ந்தது ஆனால் ஏறவில்லை. உடனே கழற்றிவிட்டோம். குட்டிச் சக்கரம் மணலில் இறங்கிவிடும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, அதை நாங்கள் அங்கேதான் கற்றோம், ஒரு பலகையை அதற்கு அடியில் வைத்தபிறகுதான் இழுதண்டு மேலே எழுந்தது. கழற்றும் முன் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். பிறகு வண்டியைப் பாதைக்கு ஏற்றி, நீட்சி இல்லாத பட்டையால் மெல்ல இழுத்து வந்து திரும்ப மாட்டினோம். மொத்தம் 40 நிமிடம்.

திரும்பும்போது நடுப்பகல் ஆகிவிட்டது, மணல் காய்ந்து பொலபொலவென்று இருந்தது, 14க்கு இறக்கித்தான் வர முடிந்தது. காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். தார் ஏறும் இடத்தில் ஆறு டயருக்கும் காற்று நிரப்ப என் சின்னக் கம்ப்ரசருக்கு ஒரு மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு தடவை சூடாகி நின்றது. காற்றில்லாத டயரோடு சாலையில் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும் என்பதால் பொறுமையாக இருந்து முடித்தோம்.

பழையகியர் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. கடற்கரை ஓரமாகப் போயிருந்தால் டிரெய்லரின் சக்கர பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீரும் மணலும் கிரீஸுக்குள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த நீண்ட பயணத்தில்தான் காட்டும். அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், மின்சார பிரேக் இருக்கும் டிரம்மையும் சேர்த்து.

கடலலை எழுதியது:

குட்டிச் சக்கரத்துக்கு அடியில் என்ன பலகை வைத்தீர்கள்? நானும் ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

நீலவண்டி எழுதியது:

அன்றைக்கு வைத்தது மணல் பலகை, நீளமாக இருந்ததால் ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது 18 மி.மீ. பிளைவுட்டில் 40 செ.மீ. சதுரமாக ஒன்று வெட்டி, சக்கரம் வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் சின்னச் சட்டம் அடித்து, எடுக்க வசதியாக மூலையில் துளை போட்டுக் கயிறும் கட்டிவிட்டேன். ஜாக்கிக்கு அடியிலும் அதையே வைக்கலாம். பேரிங் நாளைக்குக் கழற்றுகிறேன் ஐயா.